பேட்டரியா, சூரியத் தகடா, காற்றாலைப் பங்கா, சான்றிதழா: செல்போன் டவரின் கார்பனைக் குறைக்க எதில் பணம் போடுவது?

கோவில்பட்டியிலிருந்து உள்ளே போகும் கிராமத்துச் சாலையில், கம்மங்காட்டுக்கு நடுவே நிற்கிற ஒரு டவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்துக்காக அங்கே மின் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். கருவி அறையான ஷெல்டரின் கதவுக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கவிட்ட லாக்புக். ஈ.பி. போன நேரம், வந்த நேரம், ஜெனரேட்டர் ஓடிய நேரம், ஊற்றிய டீசல் என்று வரிசையாகக் கட்டங்கள். முப்பது நாளும் ஒரே பேனாவில் '2.00 மணி, 4 லிட்டர்'.

"அண்ணாச்சி, மாசம் பூரா சொல்லி வச்ச மாதிரி ரெண்டு மணி நேரந்தான் கரண்ட் போச்சா?"

"தம்பி, ஜெனரேட்டர் ஓடுற நேரத்தைக் காட்டுற ஹவர் மீட்டர் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதான் எழுதி வச்சிருக்கேன்."

அவர் மீது தப்பில்லை. அந்த 4 லிட்டர் அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து தலைமையகம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால் அந்த எண்ணால் பெருக்கப்பட்டு, கடைசியில் வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கையில் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக உட்கார்ந்திருக்கும். தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று '2031க்குள் பாதியாகக் குறைப்போம்' என்று சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நூல் கட்டிய லாக்புக்தான்.

சமீபத்தில் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் உமிழ்வைக் குறைக்க என்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி வாங்குவதா, டவருக்கு டவர் சூரியத் தகடு வைப்பதா, காற்றாலையிலோ சோலார் பண்ணையிலோ பங்கு எடுப்பதா, அல்லது பேசாமல் பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கிவிடுவதா? போர்டு கூட்டத்துக்குக் குறிப்பு எழுத வேண்டுமாம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது யார் கணக்கு என்று பார்க்க வேண்டும்

உமிழ்வுக் கணக்கில் மூன்று பெட்டிகள். நிறுவனம் தானே எரிப்பது ஸ்கோப் 1. டீசல் இங்கே வரும். வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ ஒரு அனல்மின் நிலையம் எரிப்பது ஸ்கோப் 2. மற்றதெல்லாம், அதாவது வாங்கும் கருவிகள், விற்கும் மோடம், ஒப்பந்தக்காரர்கள் என எல்லாமே ஸ்கோப் 3.

இந்தியாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. டவர் பெரும்பாலும் சேவை நிறுவனத்துடையது அல்ல. இண்டஸ் டவர்ஸ் போன்ற டவர் கம்பெனிதான் இரும்புக் கோபுரம், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஏர்டெல்லுக்கும் வோடஃபோன் ஐடியாவுக்கும் வாடகைக்கு விடுகிறது. அப்படியானால் ஜெனரேட்டரில் எரியும் டீசல் யாருடைய பெட்டியில்? டவர் கம்பெனியின் ஸ்கோப் 1 என்று எழுதலாம். சேவை நிறுவனத்தின் ஸ்கோப் 3 என்றும் எழுதலாம். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே புகை இரண்டு அறிக்கைகளில் வேறு வேறு பெயரில் வரும். டவர்களை இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றினாலே ஸ்கோப் 1 சரியும். ஒரு லிட்டர் டீசல்கூட மிச்சமாகியிருக்காது. ஆகவே எந்த நிறுவனத்தின் வாக்குறுதியைப் படித்தாலும் சதவீதத்துக்கு முன்னால் டவர் டீசலை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

ஏர்டெல் எடுத்துள்ள உறுதி, 2020-21 நிதியாண்டை அடிப்படையாக வைத்து 2030-31க்குள் ஸ்கோப் 1, 2 இரண்டையும் சேர்த்து 50.2 சதவீதமும், ஸ்கோப் 3-ஐ 42 சதவீதமும் குறைப்பது. 2050இல் நிகர பூஜ்யம், அதாவது வெளியிடுவதும் ஈடுசெய்வதும் சமம். இரண்டு எண்ணும் மொத்த அளவில் குறைப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு இத்தனை கிராம் என்று கணக்குச் சொல்லும் இலக்குகளும் உலகில் உண்டு. அவை எனக்குப் பிடிப்பதில்லை. 2016க்கு முன் மாதம் ஒரு ஜி.பி.யைத் தொடாமல் இருந்த இந்தியர் இன்று 20 ஜி.பி.க்கு மேல் இழுக்கிறார். யாரும் சுண்டு விரலை அசைக்காமலே ஜி.பி.க்கான கிராம் விழுந்திருக்கும். மொத்த அளவு இலக்குதான் கடிக்கும். அதுவும் 2022 அக்டோபரில் 5ஜி வந்து, ஒவ்வொரு டவரிலும் புதிதாக ஆன்டெனாப் பெட்டிகள் ஏறிய பிறகு நன்றாகவே கடிக்கும்.

ஐரோப்பாவைப் பார்த்து அப்படியே செய்யலாமே என்றும் நண்பர் கேட்டார். பிரிட்டனின் பி.டி. நிறுவனம் 2020 நவம்பரிலும், வோடஃபோன் தன் ஐரோப்பிய வலையமைப்புகளில் 2021 ஜூலையிலும் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறிவிட்டதாக அறிவித்தன. ஆனால் அங்கே கரண்ட் போவது அபூர்வம். டவருக்கு டவர் ஜெனரேட்டர் கிடையாது. மின்சார ஒப்பந்தத்தை மாற்றினால் கணக்கின் முதல் பாதி முடிந்துவிடும், மீதிப் போராட்டம் ஸ்கோப் 3-இல். நமக்கு அந்த முதல் பாதியே இரண்டு துண்டு: நிலக்கரி மின்சாரம் ஒன்று, அது வராத நேரத்துக்கு டீசல் இன்னொன்று.

ஒரு டவர், இரண்டு ஊர்

பேச்சை விட்டுக் கணக்குக்கு வருகிறேன். சராசரியாக 3 கிலோவாட் இழுக்கும் ஒரு டவரை எடுத்துக்கொள்வோம். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட சராசரிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. ஜெனரேட்டர் மணிக்கு 1.8 லிட்டர் குடிக்கிறது என்று வைப்போம். 15 கே.வி.ஏ. எந்திரத்தை 3 கிலோவாட் சுமைக்கு ஓட்டினால் இப்படித்தான் ஆகும். யானையைக் கட்டி ஏர் உழுகிற கதை. ஒரு லிட்டருக்கு 3 யூனிட் கொடுக்க வேண்டியது 1.7 யூனிட்தான் கொடுக்கும். அப்படிப் பார்த்தால் டீசல் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 1.6 கிலோ, நிலக்கரி மிகுந்த மின்தொகுப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

தினம் 2 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும் ஊரில், ஈ.பி. கணக்கில் ஆண்டுக்கு 17.3 டன், டீசலில் 3.5 டன். மொத்தம் 21 டன்னுக்குப் பக்கம். டீசல் 1,314 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1.2 லட்சம் ரூபாய்.

தினம் 8 மணி நேரம் ஓடும் ஊரில், ஈ.பி. 12.6 டன், டீசல் 14.1 டன். மொத்தம் 27 டன்னை நெருங்கும். டீசல் செலவு மட்டும் 4.8 லட்சத்துக்கு மேல்.

இந்த இரண்டு வரிகளில்தான் முடிவு ஒளிந்திருக்கிறது. முதல் ஊரில் ஆறில் ஐந்து பங்கு உமிழ்வு ஈ.பி. கம்பி வழியாக வருகிறது. அங்கே போய் 'டீசலை ஒழித்தோம்' என்று பேனர் கட்டினால் ஆறில் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறோம். இரண்டாவது ஊரில் டீசல்தான் பெரிய பங்கு. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி டவர், மருந்து வேறு.

இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் போட்ட உத்தரவு ஒன்று நம் கண்முன்னே சறுக்கியிருக்கிறது. 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை போட்டது. 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புறத்தில் 20 சதவீதமும் கலப்பு மின்சாரத்தில், அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் ஈ.பி.யும் சேர்ந்து, ஓட வேண்டும். 2020க்குள் அது 75, 33 சதவீதமாக உயர வேண்டும். இந்தக் கருவியை வை என்று சொல்லும் ஆணை அது. செலவு கட்டாது, மொட்டைமாடியில் இடமில்லை என்று நிறுவனங்கள் எதிர்த்தன. 2017இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொடுத்த பரிந்துரையோ உமிழ்வின் அளவைப் பிடித்தது: 2011-12ஐ அடிப்படையாகக் கொண்டு 2019-20க்குள் 30 சதவீதம், 2022-23க்குள் 40 சதவீதம். எதை வைத்துக் குறைக்கிறாய் என்பது உன் பாடு. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது; ஆனால் இதற்கு லாக்புக் உண்மை பேச வேண்டும்.

பேட்டரி

டவரில் பேட்டரி எப்போதும் இருந்ததுதான். ஆனால் ஈய அமில பேட்டரி. அது முழுதாக ஏற 8 முதல் 10 மணி நேரம் ஆகும். நம் ஊரில் கரண்ட் தவணை முறையில் அல்லவா போகும்? காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் ஒன்றரை, ராத்திரி கொஞ்சம். பாதி ஏறுவதற்குள் அடுத்த வெட்டு. பாதி வயிற்றிலேயே கிடந்து இரண்டு வருஷத்தில் பேட்டரி செத்துவிடும், ஜெனரேட்டர் மறுபடி உறுமும். லித்தியம் வந்ததால் என்ன மாறியது என்று கேட்டால், விலையோ எடையோ அல்ல, சட்டென்று ஏறுவதுதான். இரண்டு வெட்டுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வயிறு நிரம்பிவிடும்.

முதல் ஊரில் டீசல் கொடுத்த 2,190 யூனிட்டை பேட்டரி வழியாக ஈ.பி.யிலிருந்து எடுக்கிறோம். ஏற்றி இறக்கும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 2,430 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 24,000 ரூபாய். டீசலில் மிச்சமாவது 1.2 லட்சம். ஆக ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குப் பக்கம் கையில். கார்பன் மிச்சமோ 1.8 டன்தான், ஏனென்றால் புகை அனல்மின் நிலையத்துக்கு இடம்பெயர்கிறது. இரண்டாவது ஊரில் 7 டன் குறையும், ஆண்டுக்கு 3.9 லட்சம் மிச்சம்.

பணத்துக்காகவே செய்ய வேண்டிய வேலை இது. கார்பன் கணக்கு கூடவே வருகிற கொசுறு. ஆனால் இதைத் தடுத்து நிற்பது பேட்டரி விலை மட்டுமல்ல, டவர் கம்பெனிக்கும் சேவை நிறுவனத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்த வரியும். எரிந்த டீசலுக்கு எரிந்தபடி பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இருந்தால், டவர் கம்பெனி எதற்காகத் தன் காசைப் போட்டு பேட்டரி மாட்டும்? டீசல் திருட்டு போனாலும் பில் போய்ச் சேரும். மாதத்துக்கு இவ்வளவுதான் மின்செலவு என்று தொகை நிர்ணயித்துவிட்டால், மறுநாளே ஹவர் மீட்டரைப் பழுது பார்க்க ஆள் வருவார். பல இடங்களில் உமிழ்வைக் குறைக்கும் மலிவான கருவி அந்த ஒப்பந்தத்தின் ஒரு பத்திதான்.

ஷெல்டர் ஏ.சி.யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தனித் தலைப்புக்குப் பெறாது. பழைய கருவிகளுக்காக அறை கட்டி ஏ.சி. போட்ட காலம் போய்விட்டது. இன்றைய பெட்டிகள் வெயிலில் நிற்கும். ஷெல்டரைக் காலி செய்து கருவிகளை வெளியே மாற்றினால் அந்த ஏ.சி.யின் சுமை அப்படியே போய்விடும். 2019, 2020இல் ஏர்டெல் 3ஜியை மூடியதும் இதே வகைதான். யாரும் பசுமை என்று கைதட்டவில்லை, ஆனால் மீட்டர் இறங்கியது. இரவு 1 மணிக்கு மேல் ஆளில்லாத நேரத்தில் ஆன்டெனாவின் பாதியைத் தூங்கவைக்கும் மென்பொருளும் இதில் சேரும். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரேடியோ வலையமைப்புக்கே போகிறது என்பதால், அங்கே 10 சதவீதம் குறைந்தாலும் பெரிது.

சூரியத் தகடு

படம் எடுத்துப் போட அழகான தேர்வு இது. அறிக்கைகளின் அட்டையில் எல்லாம் டவரின் அடியில் நீலத் தகடுகள் மின்னும். களத்தில் பார்த்தால் நிலவரம் வேறு.

5 கிலோவாட் தகடு நம் வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 7,000 யூனிட்டுக்கு மேல் தரும். முதல் ஊரில் 5 டன் குறைக்கலாம். டீசல் மிகுந்த இரண்டாவது ஊரில், பேட்டரியும் சேர்ந்து, அந்த யூனிட்டுகள் டீசலையே தள்ளினால் 11 டன் வரைகூடப் போகும். ஆனால் 500 சதுர அடி வேண்டும். மதுரை மேலமாசி வீதி மாதிரி இடத்தில் மாடி வீட்டுக்காரர் டவருக்கே முணுமுணுத்துக்கொண்டுதான் இடம் விட்டிருப்பார். துணி காயப்போடும் இடத்தையும் கேட்டால் வாடகை ஒப்பந்தமே ஆடிப்போகும். தரையில் நிற்கும் டவரிலோ கோபுரமே நிழல் போடும். நகர்ந்துகொண்டே போகும் கம்பி நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தால்கூட அந்த வரிசையே சுணங்கும். தகட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. புழுதியைத் துடைக்க ஆள் வேண்டும், அந்த ஆள் டூவீலரில் 40 கிலோமீட்டர் வர வேண்டும்.

என் கருத்தில், சூரியத் தகடு எல்லா டவருக்கும் ஆனது அல்ல. ஈ.பி. கம்பியே போகாத மலைக்கிராமம், தீவு, காட்டோரம், அல்லது தினம் ஆறேழு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும் இடம். அங்கே இதற்கு இணை வேறில்லை. நாளெல்லாம் கரண்ட் இருக்கும் ஊரில் டவருக்கு டவர் தகடு வைப்பதைவிட, அதே காசில் ஒரே இடத்தில் பெரிதாக வைப்பது மேல். அது எப்படி என்றால்:

காற்றாலையிலோ சோலார் பண்ணையிலோ பங்கு

டவர்களை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்சிங் மையம், டேட்டா சென்டர் பக்கம் வாருங்கள். இடைவிடாமல் 1 மெகாவாட் இழுக்கும் ஒரு டேட்டா சென்டர் ஆண்டுக்கு 87.6 லட்சம் யூனிட் குடிக்கும், 6,300 டன். நம் முதல் ஊர் டவர் போல 300 டவருக்குச் சமம். 300 இடத்துக்கு ஆள் அனுப்புவதும், ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றா?

இதற்கு 2005 மின்சார விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. மின் நிலையத்தில் நுகர்வோர் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, அங்கே உற்பத்தியாவதில் குறைந்தது 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த மின் நிலையமாகவே கருதப்படும். மற்றவர்களின் மானியத்துக்காகப் பெரிய நுகர்வோரிடம் வாங்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது. பல நுகர்வோர் சேர்ந்தும் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு நூற்பாலைக்காரர்களுக்கு இது பழகிய பாதை. ஆரல்வாய்மொழி முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உடுமலைப் பக்கத்திலும் சுழலும் காற்றாலைகளில் எத்தனையோ மில்களின் சொந்த மின்சாரம் ஓடுகிறது. டெலிகாம்காரர்கள் இதற்குப் பிந்தி வந்தவர்கள். ஏர்டெல் மகாராஷ்டிரத்தின் புல்டாணாவில் 21 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் தன் டேட்டா சென்டர்களுக்காக இந்த முறையில்தான் எடுத்தது.

அப்படியானால் டவர்களுக்கும் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாமே? இங்கேதான் கதவு மூடுகிறது. மின்வாரியக் கம்பி வழியே வெளி உற்பத்தியாளரிடம் பசுமை மின்சாரம் வாங்க வழிசெய்யும், 2022இல் வந்த பசுமைத் திறந்த அணுகல் விதிகள் முன்பு 1 மெகாவாட்டாக இருந்த குறைந்தபட்ச அளவை 100 கிலோவாட்டாக இறக்கின. ஒரே மின் கோட்டத்துக்குள் இருக்கும் பல இணைப்புகளைக் கூட்டி 100 கிலோவாட் காட்டினாலும் போதும் என்று 2023 திருத்தத்தில் சொன்னார்கள். டவர் இணைப்பு ஐந்தோ பத்தோ கிலோவாட். ஒரு கோட்டத்தில் இருபது முப்பது இணைப்பு தேறும் நகரத்தில் சாத்தியம். சிதறிக் கிடக்கும் கிராமத்தில் காகிதத்தோடு சரி. அதுவும் ஒவ்வொரு இணைப்புக்கும் பெயர் மாற்றம், நேரவாரி மீட்டர், மின்வாரிய அலுவலகத்துக்கு நடை. ஆசை இருந்தால் நகரத்து டவர்களை வைத்து ஒரு கோட்டத்தில் முயன்று பாருங்கள், எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் மின்வாரியத்திடமே கொஞ்சம் கூடக் கொடுத்துப் பசுமைக் கட்டணத்தில் வாங்கும் வசதியும் இருக்கிறது. சிறிய இணைப்புகளுக்கு அது நடையை மிச்சப்படுத்தும்.

இன்னொரு சங்கதி, நேரம். டேட்டா சென்டர் ராத்திரியும் ஓடும், சூரியன் ஓடாது. காற்று நம் பக்கம் வைகாசியில் கிளம்பி ஆடியில் அம்மியைத் தூக்கி, புரட்டாசியில் ஓய்ந்துவிடும். 1 மெகாவாட் சோலார் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் அளவில்தான் தரும் என்பதால், ஆண்டுக் கூட்டுத்தொகையைச் சமன் செய்ய 5 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். அப்போதும் இரவுக்குக் கைகொடுக்காது. மிஞ்சிய யூனிட்டைத் தொகுப்பில் வைத்துப் பிறகு எடுக்கும் வசதி எத்தனை நாளுக்கு, என்ன கட்டணத்துக்கு என்பது மாநில ஆணையத்தின் கையில், அது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே சோலாரும் காற்றும் கலந்த ஒப்பந்தமாகப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் நேரம் பொருந்தும். நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு அடுத்த தேர்வைப் பார்த்தால் விளங்கும்.

சான்றிதழ்

இதுதான் சோதனை. 1,000 யூனிட் பசுமை மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ். இந்தியாவில் 2011 மார்ச்சிலிருந்து மின்சாரச் சந்தைகளில் விற்பனையாகிறது. ஒருகாலத்தில் ஆயிரங்களில் இருந்த விலை, குறைந்தபட்ச விலை நீக்கப்பட்ட பிறகு சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 350 ரூபாய் என்று வைத்தால், நம் முதல் ஊர் டவரின் ஈ.பி. கணக்குக்கு 24 சான்றிதழ், 8,400 ரூபாய். அவ்வளவுதான். 17.3 டன் தாளில் பூஜ்யம். பேட்டரிக்கு லட்சங்கள் போட்டு 1.8 டன் குறைக்கிறவனைப் பார்த்து, 8,400 ரூபாயில் பத்து மடங்கு குறைத்தவன் சிரிப்பான்.

சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. உமிழ்வுக் கணக்குக்கான உலக நெறிமுறையில் 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதல் இரண்டு எண்களைக் கேட்கிறது. ஒன்று, இருக்கும் இடத்து மின்தொகுப்பின் சராசரியை வைத்து. மற்றது, வாங்கிய ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்து. சான்றிதழ் வாங்கினால் இரண்டாவது எண் மட்டுமே விழும். முதல் எண் இம்மிகூட நகராது. பல நிறுவனங்களின் விளம்பரத்தில் இரண்டாவது எண் முகப்பில் இருக்கும், முதல் எண் பின்னிணைப்பில். இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு விலகிப் போகின்றன என்று பாருங்கள். அந்த இடைவெளியின் ஒரு பகுதி காற்றாலைப் பங்கு, மறுபகுதி சான்றிதழ். எது எவ்வளவு என்று நிறுவனத்தைக் கேளுங்கள்.

என் ஆட்சேபம் விலையைப் பற்றியது. ஒரு யூனிட்டுக்கு 35 பைசா கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் புதிய காற்றாலை நட மாட்டார்கள். ஏற்கெனவே சுழலும் காற்றாலையின் பெயரை 35 பைசாவுக்கு வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவே. ஜெனரேட்டரும் அனல்மின் நிலையமும் நேற்று மாதிரியே இன்றும் ஓடும். அது தவிர, அந்த வழிகாட்டுதலும் மாறும் திசையில் இருக்கிறது: பசுமை மின்சாரம் நுகர்வோடு மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்ற முன்மொழிவு 2025இல் பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தால், மத்தியானச் சோலார் சான்றிதழை வைத்து ராத்திரி டவரைப் பூஜ்யமாக்க முடியாது. ஐந்து வருஷத்துக்குச் சான்றிதழை நம்பி உட்கார்ந்த நிறுவனத்தின் கணக்கு ஒரே ஆண்டில் துள்ளி எழும்.

ஒரேயடியாக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாத சிதறிய கிராம டவர்களுக்கு, மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போது, வாங்கலாம். ஆனால் அதைக் குறைப்பு என்ற தலைப்பில் போடக் கூடாது.

நண்பரின் குறிப்பில் நான் எழுதச் சொன்னது

முதல் காசு ஹவர் மீட்டருக்கும் டீசல் டேங்க் சென்சாருக்கும். யாரும் போர்டு கூட்டத்தில் இதைக் கேட்டுக் கைதட்ட மாட்டார்கள், பரவாயில்லை. பங்குச்சந்தைப் பட்டியலில் முதல் 150 இடத்திலுள்ள நிறுவனங்களின் முக்கிய அளவீடுகளை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023-24 முதல் கொண்டுவந்திருக்கிறது; ஒரே பேனாவில் எழுதிய லாக்புக்கோடு அந்தப் படியேற முடியாது.

அடுத்து டவர்களை ஜெனரேட்டர் ஓடும் மணி நேரத்தின்படி அடுக்கச் சொன்னேன். தினம் 4 மணி நேரத்துக்கு மேல் ஓடுபவற்றுக்கு இந்த ஆண்டே லித்தியம். அவற்றில் திறந்த இடம் உள்ளவற்றுக்கு மட்டும் தகடு. கூடவே டவர் கம்பெனியோடு உள்ள ஒப்பந்தத்தை நிலையான தொகைக்கு மாற்றும் பேச்சு. பெரிய தொகை காற்றும் சோலாரும் கலந்த பங்குக்கு. 1 மெகாவாட் டேட்டா சென்டரின் சுமையில் பாதியை எட்டினாலே, முதல் ஊர் டவர் போல 150 டவரின் மொத்த உமிழ்வுக்குச் சமம். நாளெல்லாம் கரண்ட் இருக்கும் ஊர்களில் ஷெல்டர் ஏ.சி.யைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சான்றிதழுக்கு இந்தத் தொகையிலிருந்து ஒரு ரூபாய்கூட வேண்டாம், வாங்குவதானால் விளம்பரக் கணக்கில் வாங்கட்டும் என்று சொன்னேன். அந்த வரியை அவர் எழுதியிருக்க மாட்டார்.

அவர் கடைசியாகக் கேட்டது, பேட்டரி வைத்த டவரில் ஜெனரேட்டரை விற்றுவிடலாமா என்பது. வேண்டாம் என்றேன். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு டெல்டாவில் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தபோது, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஆறு மணி நேர பேட்டரி எந்த மூலைக்கு? டவருக்கு ஒன்று என்று வேண்டியதில்லை. கடலோர மாவட்டங்களில் பத்துப் பன்னிரண்டு டவருக்கு ஒன்றாக, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அது எரிக்கும் டீசலையும் லாக்புக்கில் உள்ளபடி எழுதுங்கள்.